பச்சைக் காரின் இடது பின்சக்கரம்

பழைய காருக்கு டியூப் போடுவதும் அழுகிற குழந்தைக்குச் சட்டை மாட்டுவதும் ஒரே வேலைதான். அவசரப்பட்டால் எங்கேயாவது சிக்கிக்கொள்ளும், அப்புறம் ஊரே கேட்கிற மாதிரி சத்தம் வரும். இரண்டையும் தினமும் செய்கிறவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் இருக்கிறது எங்கள் பஞ்சர் கடை. நடுரோட்டில் காற்று இறங்கி, டிக்கியைக் குடைந்து ஜாக்கியைத் தேடி, அது கிடைத்தும் ஸ்பேனர் கிடைக்காமல் வெயிலில் நின்றவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நீங்களும் ஒரு நாளாவது நின்றிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு நான் அதிகமாக விளக்க வேண்டியதில்லை.

கடை என் வீட்டுக்காரர் ஏழுமலை நடத்தியது. போன வருஷம் வண்டியிலிருந்து விழுந்து வலது முழங்கையில் பிளேட் வைத்தார்கள். கனமானதைத் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் பஞ்சர் ஒட்டுகிறார், நான் கையால் ஒட்டுகிறேன். கண்டாச்சிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். அங்கே டயரைப் பற்றி ஒரு பாடமும் இல்லை.

இப்போது ஓடுகிற கார்கள் பெரும்பாலும் டியூப் இல்லாத டயரில் ஓடுகின்றன. ஆனால் பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கார்களுக்கு டயருக்குள் டியூப் உண்டு. மெஷினில் கொடுத்தால் பழைய ரிம் வளைந்துவிடும் என்று பயந்து, கையால் லிவர் போட்டு நெம்புகிற கடையைத் தேடுவார்கள். அப்படித் தேடி வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் கடை நிற்கிறது.

ஆள் வரட்டும்

நான் தனியாகக் கடையைத் திறந்த முதல் வாரம். வீட்டுக்காரர் கைக்குக் கட்டு மாற்றப் போயிருந்தார். திண்டிவனத்துப் பெரியவர் ஒருவர், வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், இரண்டும் ஒரே வெளுப்பு. முன்சக்கரத்தில் காற்று இல்லை. என்னைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், "ஆள் இல்லியாம்மா?" என்றார். "இருக்கேன் சார்" என்றேன். "அதில்லம்மா, வேலை செய்யற ஆளு. பரவால்ல, வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

நான் ஜாக்கி போட்டேன், சக்கரத்தைக் கழற்றினேன், டயரை மிதித்து விளிம்பை இறக்கினேன், டியூபை உருவித் தொட்டியில் முக்கினேன். காற்று முட்டை முட்டையாக வந்த இடத்தைத் தேய்த்து பேட்ச் ஒட்டினேன், திரும்ப மாட்டினேன். அவர் பேப்பரின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கார் நான்கு காலிலும் நின்றது. எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். டயரை ஒரு தட்டுத் தட்டினார். அவர் முகம் கொஞ்சம் சிவந்தது, ஆனால் நல்ல மனிதர், சமாளித்துக்கொண்டு சொன்னார்: "அந்த ஆளு வந்தா சொல்லிடும்மா, வேலை முடிஞ்சிட்டுதுன்னு."

குழந்தைப் பவுடர்

டியூபை டயருக்குள் வைக்கும் முன் பவுடர் பூச வேண்டும். இல்லாவிட்டால் ரப்பரும் ரப்பரும் ஒட்டிச் சூடேறிக் கிழியும். அதற்கென்று மூட்டையில் வெள்ளைத் தூள் வாங்கி வைப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தூள் தீர்ந்துபோய்விட்டது, காத்திருந்தவரோ கல்யாணத்துக்குப் போகிறவர், "ஜல்தி, ஜல்தி" என்று குதித்துக்கொண்டிருந்தார். என் பையில் என் மகள் பாப்பாவின் பவுடர் டப்பா இருந்தது. குளிப்பாட்டிய குழந்தைக்குப் பூசுகிற மாதிரியே, மடிப்பு மடிப்பாக விலக்கி, டியூபுக்குப் பூசி அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் அதே மனிதர் காற்றுப் பிடிக்க வந்தார். டியூப் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சக்கரத்தின் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார்: "நல்லாத்தான் இருக்குது, ஆனா சாயங்காலமானா வண்டிய ஏணையில போட்டு ஆட்டணும் போல இருக்குது."

எந்தப் பக்கம் திருப்புவது

குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். அவருடைய முதலாளி வெளிநாட்டுக்காரர், காரும் அந்த ஊர்க் கார். சைக்கிள் மாதிரி கம்பி வைத்த சக்கரம்! நான் பார்த்ததே இல்லை. சக்கரத்துக்கு நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அந்தக் காதைச் சுத்தியால் தட்டினால் கழலும் என்றார். இடப்பக்கத்துச் சக்கரத்தில் தட்டினேன், சமர்த்தாகக் கழன்றது. எனக்கு ஒரே குஷி.

வலப்பக்கத்துக்குப் போனேன். அதே மாதிரி தட்டினேன். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து "பலமா போடு, பலமா போடு" என்று உற்சாகப்படுத்தினார். வியர்வை கண்ணில் இறங்கியது. வலப்பக்கத்து மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. டீ குடித்துவிட்டு நிதானமாக வந்த டிரைவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அக்கா, நீங்க கழட்டல, அரை மணி நேரமா இறுக்கிக்கினு இருக்கறீங்க."

பச்சைக் கார் வந்தது

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் ஒரே காரின் கதை. விழுப்புரத்துப் பல் டாக்டர் ஒருவரின் பச்சைக் கார். என் மாமனார் பிறப்பதற்கு முன்னால் செய்தது. வளைந்த முதுகும் உருண்டை விளக்குமாக, பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றும். அதன் இடது பின்சக்கரம் மட்டும் பத்து நாளைக்கு ஒரு தடவை காற்று இறங்கும். விழுப்புரத்தில் மூன்று கடை, திண்டிவனத்தில் ஒரு கடை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தது. "ஒவ்வொரு பல்வலிக்கும் ஒரு வேர் இருக்கும்மா. இதுக்கு வேர் எங்கன்னு பாரு" என்று டாக்டர் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

அவர் போனதும் பின்சீட்டிலிருந்து அவர் மனைவி இறங்கி வந்தார். கணக்கு டீச்சர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உள்ள ஒண்ணு இருக்கும்மா, அத எடுத்துடாத" என்றார். டயரைப் பிரித்தேன். ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவில், மஞ்சள் துணியில் சுற்றிய செப்புத் தகடு! கோயிலில் பூஜை செய்து வாங்கியதாம். பழைய காரில் போக அவருக்குப் பயம். கார் வாங்கிய அன்றே ஒரு பஞ்சர்காரரிடம் சொல்லி, தான் உட்காரும் இடத்துக்குக் கீழே இருக்கிற சக்கரத்துக்குள் வைத்திருக்கிறார். டாக்டருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. தெரிந்தால் கேலி செய்தே கொன்றுவிடுவார் என்றார்.

சாமி விஷயத்தில் நான் யார்? தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். துணி கொஞ்சம் நைந்திருந்தது, மேலே இன்னொரு சுற்று புதுத் துணி சுற்றினேன். டியூபுக்கு பேட்ச் ஒட்டி, தகட்டை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். எனக்கு முன்னால் பார்த்த நான்கு கடைக்காரர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள் என்று பிற்பாடு புரிந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீயும் ஒரு பொம்பள, உனக்குத்தான் புரியும்."

தேய்க்காத இடம்

பன்னிரண்டாம் நாள் பச்சைக் கார் திரும்பி வந்தது. அதே சக்கரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவை ஓட்டை எங்கே என்று கவனித்தேன். ஆணியோ முள்ளோ குத்தினால் ஓட்டை ரோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இதுவோ ரிம் பக்கம், டியூபின் வயிற்றில். "ரிம்முல துரு இருக்கறாட்டம் தெரியுது" என்றார் வீட்டுக்காரர். சரி என்று உப்புத்தாளை எடுத்து ரிம் முழுக்கத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆக்கினேன். தகடு இருந்த இடத்தை மட்டும் தேய்க்கவில்லை. போன தடவை எடுத்ததே போதும், இனி அதை அசைக்கக் கூடாதே! அதைச் சுற்றி, கோலத்தைச் சுற்றி நடக்கிற மாதிரி, பக்குவமாகத் தேய்த்தேன். புது டியூப் போட்டு, குழந்தைப் பவுடர் பூசி, தெம்பாக அனுப்பினேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன்.

பளபளத்த ரிம்மைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "பல்லு நல்லா வெளக்கி இருக்கற, சொத்தைய எடுத்தியா?"

டேப்

வீட்டுக்காரரின் அண்ணன் நாகப்பன் மாமாவை இங்கே சொல்ல வேண்டும். கடைக்கட்டடம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அவருக்கு அங்கே பரோட்டாக் கடை போட ஆசை. தம்பிக்குக் கை இப்படி ஆனதும் ஆசை அதிகமாகிவிட்டது. ஒரு நாள் அளக்கிற டேப்பைக் கொண்டுவந்து, நான் வேலை செய்துகொண்டிருக்கும்போதே என்னைத் தாண்டித் தாண்டி அளந்தார். "இங்க கல்லு, இங்க வாஷ் பேசினு." டேப்பைத் திரும்பக் கொண்டுபோகாமல் எங்கள் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவை லிவர் எடுக்கும்போதும் அந்த மஞ்சள் டேப் என் கண்ணில் குத்தும்.

அந்தச் சமயம்தான் பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மார்கழிக் கடைசியில் ஒரு ஓட்டம் வைத்தார்கள். திண்டிவனத்தில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் விழுப்புரம். இருபதுக்கு மேல் கார். பச்சைக் காரும் வருகிறது. டாக்டர், "அம்சா, நீயும் எங்கூட வா. வழியில காத்து எறங்கினா அங்கயே ஒட்டு" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! காரில் போகப்போகிறேன்! அப்புறம்தான் யோசித்தேன். அத்தனை பழைய கார்க்காரர்களும் பார்க்க அந்தச் சக்கரம் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எந்தப் பழைய கார் எங்கள் கடையில் நிற்கும்? நாகப்பன் மாமாவுக்கும் விஷயம் எட்டியது. வந்து டேப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பச்ச வண்டி விழுப்புரம் வரைக்கும் காத்து எறங்காம போயிட்டா நான் இந்தப் பக்கமே வரலம்மா, எறங்கிட்டா தை ஒண்ணாந்தேதி பால் காய்ச்சிடறேன்."

சட்டைக்குள் ஒரு சீட்டு

ஓட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பச்சைக் கார் மூன்றாம் தடவையாக நொண்டிக்கொண்டு வந்தது. புது டியூப். அதே வயிற்றுப் பக்கம். அதே இடத்தில் ஓட்டை. டாக்டர் சாவியை என் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா புதுச் சட்டையில் நெளிந்துகொண்டே வந்தாள். கழுத்தைச் சொறிந்து சொறிந்து சிவப்பாக்கி வைத்திருந்தாள். சட்டைக்குள் பார்த்தேன். கடைக்காரர்கள் தைத்து அனுப்புகிற சீட்டு. மூலை கூர்மையாக நின்றது. கத்திரியால் வெட்டி எடுத்தேன். வெட்டின கை அப்படியே நின்றுவிட்டது.

ஓடிப்போய்த் தகட்டை எடுத்தேன். நான் சுற்றிய துணியைப் பிரித்தேன், பழைய துணியைப் பிரித்தேன். தகட்டின் ஒரு மூலை மடங்கி, துணியைத் துளைத்துக்கொண்டு ஊசி மாதிரி நீட்டியிருந்தது. சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் டியூப் அதன்மேல் அழுந்துகிறது. வேரும் சொத்தையும் இதுதான்! நான் போட்ட கூச்சலில் டீக்கடையே எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து தகட்டைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், வலது கை வராததால் இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னா அம்சா, அஞ்சு கடைக்காரனும் முள்ள எடுக்காம முள்ளுக்குத் துணி மாத்தி உட்டுக்கினு இருந்திருக்கறோம்!"

தலைக்கு மேல்

கண்டுபிடித்துவிட்டேன், சரி. டீச்சருக்குக் கொடுத்த வாக்கு? டாக்டரிடம் சொன்னால் டீச்சர் மானம் போகும். டீச்சரிடம் சொல்லாமல் எடுத்தால், காரில் ஏறும்போதெல்லாம் இல்லாத தகட்டை நம்பிக்கொண்டு உட்காருவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அவருக்கே போன் செய்தேன். தகட்டின் மூலை குத்துகிற கதையைச் சொன்னேன். "அப்போ அத எடுத்துடுவியாம்மா?" என்றார்.

"டீச்சர், தகடு வண்டிய உட்டு எறங்க வேணாம். சாமியப் போயி ரோட்டோரச் சேத்துலயும் சாணியிலயும் ஏன் சுத்த உடணும்? நெத்தி மேல வெச்சிடலாம்" என்றேன். அது எனக்கே அப்போதுதான் தோன்றியது. டிரைவர் தலைக்கு மேலே, வெயிலுக்கு இறக்கி விடுகிற மறைப்பு ஒன்று இருக்குமே, அதன் துணியைப் பிரித்து, தகட்டின் மூலையைத் தட்டி மழுக்கி, உள்ளே வைத்து மஞ்சள் நூலால் தைத்துவிடலாம் என்றேன். டீச்சர் யோசித்தார். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு கேள்வி கேட்காமல் விடுவாரா: "அப்போ நான் எங்கம்மா உக்காரணும்?"

திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை

எத்தனை நிறம்! சிவப்பு, நீலம், பால் வெள்ளை, நடுவில் எங்கள் பச்சை. ஹாரன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பறவை மாதிரி கத்தியது. நான் பின்சீட்டில், இடது ஜன்னலோரம், மடியில் பாப்பா, காலடியில் பேட்சும் லிவரும் பம்பும். டீச்சர் முன்சீட்டில் ஏறினார். டாக்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மற்றவர்கள் ஊரைப் பார்த்தார்கள், நான் தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்தேன். எங்கள் கடையைத் தாண்டும்போது வீட்டுக்காரர் இடது கையை ஆட்டினார். பக்கத்தில் நாகப்பன் மாமா கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார். விக்கிரவாண்டியில் கொஞ்சம் நின்றோம். குதித்து இறங்கி மீட்டர் வைத்துப் பார்த்தேன். கிளம்பும்போது பிடித்த காற்று ஒரு பொட்டுகூடக் குறையவில்லை.

விழுப்புரத்தை நெருங்கும்போது சாயங்கால வெயில் நேராக முகத்தில் விழுந்தது. டாக்டர் கையை உயர்த்தி அந்த மறைப்பை இறக்கினார். மஞ்சள் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "இது இன்னா நூலு?" டீச்சர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிழிஞ்சிருந்திச்சு, அம்சா தெச்சுக் குடுத்துச்சு" என்றார். டாக்டர் "உம்" என்றார். அவ்வளவுதான். கார் விழுப்புரத்துக்குள் போய் வரிசையில் நின்றது. நான்கு சக்கரமும் கல்லு மாதிரி நின்றன! கூட வந்தவர்கள் ஐந்தாறு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா, என் வண்டியையும் பாரேன் என்று ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கடைக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் போனை யாரிடமோ கொடுத்தார். நாகப்பன் மாமாவின் குரல் வந்தது: "டேப்ப எடுத்துக்கினு போறம்மா, மயிலம் ரோட்டுல ஒரு எடம் இருக்குதாம், அளக்கணும்."

டாக்டர் சொன்னது

எல்லாரும் காபி குடிக்கப் போனார்கள். டாக்டர் மட்டும் என்னோடு நின்று, இடது பின்சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். "வேர எடுத்துட்டியா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்துட்டேன் சார்" என்றேன். என்ன வேர் என்று கேட்டால் என்ன சொல்வது?

அவர் கேட்கவில்லை. "ஒரு தடவ நானே வீட்டுல டயரப் பிரிச்சேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மஞ்சத் துணி தெரிஞ்சுது. யாரு வெச்சதுன்னு தெரியாதா? எடுத்தா அவ வண்டியிலயே ஏற மாட்டாளே. கையால தொடாம அப்படியே மூடிட்டேன்." அவர் தூரத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்தார். "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதம்மா. அது எங்க தெச்சிருக்கறியோ அங்கயே இருக்கட்டும். கார் வாங்கின நாள்லருந்து இன்னிக்குத்தான் அவ என் பக்கத்துல உக்காந்து வந்திருக்கா."

டியூபில் இருக்கிற ஓட்டையைத் தண்ணீரில் முக்கினால் முட்டை விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருப்பதை முக்கிப் பார்க்க நல்லவேளையாக எங்கள் கடையில் தொட்டி இல்லை.